துவைத்துப் போட்ட சாட்சி

என் தம்பி பொண்டாட்டிக்குச் சலவைக் கடையில் வைத்திருந்த பெயர் டாக்டர். படிப்பு என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவள். ஆனால் ஒரு துணியைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். தூக்கிப் பிடிப்பாள், வெளிச்சத்தில் திருப்புவாள், மூக்கருகே கொண்டுபோவாள். "இது காபி இல்லைங்க, இருமல் மருந்து. மூணு நாளாச்சு. வீட்டுல வெந்நீர் ஊத்திக் கெடுத்திருக்கீங்க" என்பாள். கொண்டுவந்த ஆள் திருதிருவென்று முழிப்பார். தன் வீட்டு விஷயத்தை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகமாக இருக்கும்.

கடையின் பின்பக்கம் மூன்று பெரிய இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நீராவியில் சுவர்ப் பெயிண்ட் உப்பிப்போயிருக்கும். ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு மேசை. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பாட்டில், பழைய பல் துலக்கும் பிரஷ்கள், வெள்ளைத் துண்டுகள், ஒரு பூதக்கண்ணாடி. இஸ்திரி போடத்தான் முதலில் சேர்ந்தாள். ஆறாவது மாதம், முதலாளியே கைவிட்ட ஒரு கோட்டை வாங்கி, ஒரு மதியம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிக் கறையை எடுத்துவிட்டாள். அதன்பிறகு அவளை யாரும் இஸ்திரி மேசைப் பக்கம் அனுப்பவில்லை. அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

அவளை முதலில் எனக்குப் பிடிக்காது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அதிகம் பேசாத பெண்களைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் பயம், மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது. நான் அந்த ரகமில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு நாளைக்கு நாற்பது பேர் "வலிக்குமாம்மா?" என்று கேட்பார்கள். "வலிக்கும்" என்றுதான் சொல்வேன். அதனால் அங்கே எனக்கு நல்ல பெயர் கிடையாது.

என் தம்பி ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். தங்கமானவன், ஆனால் மகா அலட்சியம். குழாயைத் திறந்தால் மூடமாட்டான். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போவான். ஒருமுறை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனவன், வழியில் யாரோ சிநேகிதனைப் பார்த்துப் பேசிக்கொண்டே வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டான். "பாப்பா எங்கே?" என்று இவள் கேட்ட பிறகுதான் தலையில் கை வைத்தான். வாயே திறக்காத இவள் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கிடங்கின் மூன்றாவது மாடியில், சரக்கு லிஃப்டின் குழிக்குள் விழுந்து செத்துப்போனான். லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றிருந்தது. மூன்றாவது மாடியில் கதவு மட்டும் திறந்து கிடந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது.

அதன்பிறகு நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரி நடைபாதை ஞாபகம் இருக்கிறது. யாரோ ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து இவள் மடியில் வைத்தார்கள், அவன் போட்டிருந்த துணி. போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதினார், பிறகு இன்னொருவர் வந்து அதையே மறுபடி எழுதினார். பதினோரு வயதுப் பாப்பா, "அப்பா எந்த ரூம்ல இருக்காங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனாள். நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினேன். இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்தப் பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். ஒரு பை நிறையப் பழம். குரல் அப்படி ஒரு மெத்து.

"நடந்தது நடந்துபோச்சும்மா. கம்பெனி உங்களைக் கைவிடாது. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

நான் வாங்கிப் படித்தேன். முதல் பத்திக்குள்ளேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. 'அவசரத் திறப்புச் சாவியைத் தானே போட்டுக் கதவைத் திறந்து, லிஃப்ட் வந்துள்ளதா என்று பாராமல், தன் சொந்தக் கவனக்குறைவால்' என் தம்பி இறந்தானாம். மனிதாபிமான அடிப்படையில் கம்பெனி ஒரு தொகை தருமாம். இனி எக்காலத்திலும் யார்மீதும் எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டோம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"என் தம்பி மேலயே தப்புன்னு எழுதிக்கிட்டு வந்து எங்ககிட்டயே கையெழுத்து கேக்கறீங்களா? நல்லா இருக்கே கதை!"

"நீங்க யாருங்க?"

"அக்கா."

"ஓ, அக்காவா" என்றவர் அதோடு என்னை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்கம்மா. அதுக்கப்புறம் நீங்க சட்டப்படி எதுவும் கேக்க முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் ஓயவில்லை, இவள் கேட்டாள்: "அக்கா, உங்ககிட்ட பேனா இருக்கா?"

"என்னடி கேக்கறே?"

"போட்டுக் குடுத்துடலாம்."

"உன் புருஷனைப் பொறுப்பில்லாதவன்னு எழுதியிருக்கான். அதுல நீ கையெழுத்துப் போடுவியா?"

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவர் அப்படித்தானே அக்கா? பாத்திருக்க மாட்டார். எங்கே பாத்திருப்பார்? ஏதாவது பேசிக்கிட்டே போயிருப்பார்."

எனக்கு வந்ததே கோபம்! அந்தத் தாளைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தொகை எவ்வளவு என்றுகூட நான் பார்க்கவில்லை. அந்த வரி என் தம்பியின் கடைசி வரியாக எந்த அலுவலகத்து அலமாரியிலும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பாப்பா பெரியவளாகி ஒருநாள் அதை எடுத்துப் படிப்பாள் இல்லையா?

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். கீழ்வீட்டு டிரைவர், கையெழுத்துப் போட்டாலும் கேஸ் போடலாம் என்றார். அவர் மனைவி, கேஸ் போட்டால் கையெழுத்துப் போட்ட பணமும் போய்விடும் என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், "அதான் கேஸ் எழுதியாச்சே, இன்னும் என்ன கேஸ்?" என்று அவர்கள் எங்களையே கேட்டார்கள். பல் டாக்டர், இன்ஷூரன்ஸ்காரர்கள் தானாகவே கொடுப்பார்கள் என்றார். யார் அந்த இன்ஷூரன்ஸ்காரர்கள், எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கள் வீடு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீலம்மாவைப் பிடித்தோம். சின்ன அறை. நாற்காலியிலும் கேஸ் கட்டு, தரையிலும் கட்டு, ஜன்னல் விளிம்பிலும் கட்டு. அவருக்கு ஜலதோஷம் வேறு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தும்மல். கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். நான் எழுதிப் போயிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் வந்தாலும் இதையேதான் கேக்கறாங்க. கேளுங்க, ஒண்ணொண்ணா கேளுங்க" என்றார்.

"போலீஸ்தான் கேஸ் எழுதியிருக்கே. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

"அது தப்பு பண்ணவங்களைத் தண்டிக்க. இது உங்க வீட்டுக்கு வந்த இழப்பைக் கேக்க. அதுல யாருக்கும் தண்டனை கிடைக்கலைன்னாலும் இதைக் கேக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

"மாசக் கடைசிக்கு மேல போனா எதுவும் கேக்க முடியாதாமே?"

"அது கம்பெனி வச்ச கெடு. சட்டத்துக்கும் ஒரு கெடு இருக்கு, அதைத் தவறவிட்டா அப்புறம் யார் கால்ல விழுந்தும் பிரயோஜனம் இல்ல. ஆனா அது இந்த மாசக் கடைசி கிடையாது."

"அப்ப அந்தாள் புளுகினாரா?"

"அவர் அவரோட கெடுவைச் சொன்னார்" என்று சொல்லித் தும்மினார்.

"யாரெல்லாம் கேக்கலாம்?"

"மனைவி, குழந்தை. பெத்தவங்க உயிரோட இருந்து, அவர் சம்பாத்தியத்தை நம்பி இருந்திருந்தா அவங்களும்."

"அவங்க எப்பவோ போயாச்சு. அக்கா?"

"நீங்க அவர் கையை எதிர்பார்த்து இருந்தீங்களாம்மா?"

"அவன்தாம்மா என் கையை எதிர்பார்த்து இருந்தான்! அம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு. குளிப்பாட்டினது, பள்ளிக்கூடத்துல சேத்தது, காய்ச்சல் வந்தா தூக்கிக்கிட்டு ஓடினது எல்லாம் நான்தான்."

"புரியுதும்மா. ஆனா அதை எழுத இந்த ஃபாரத்துல இடம் இல்ல."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். அவன் சம்பளம் எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம் வேலை பார்த்திருப்பான், வீட்டுக்கு என்ன கொடுப்பான் என்றெல்லாம் வக்கீலம்மா கேட்டார். "வீட்டு வேலை ஏதாவது செய்வாரா?" என்று கேட்டதும் இவள் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுவார். என்னைவிட நல்லாப் பின்னுவார்."

வக்கீலம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

"அதுக்கெல்லாம் எப்படிங்க விலை போடுவாங்க?" என்றாள் இவள்.

"எப்படிப் போடறதுன்னு எனக்கும் தெரியலைம்மா. ஆனா எழுதாம விட மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் இவள் தன் கேள்வியைக் கேட்டாள். நான் எழுதின தாளில் அது கிடையாது. "அவர் மேலயும் தப்பு இருந்தா?"

வக்கீலம்மா பேனாவை வைத்தார். "எவ்வளவு தப்புன்னு பாப்பாங்க. பாதி அவர் மேலன்னா, வர்றதுல பாதி குறையும். முழுக்க அவர் மேலதான்னு ஆயிட்டா, நமக்குக் கேக்கவே ஒண்ணும் இருக்காது. அவங்க அதைத்தான் எழுதி வாங்கப் பாக்கறாங்க. கூட வேலை பாத்தவங்க யாராவது பேசுவாங்களா?"

பேசமாட்டார்கள். ஒருவன் மட்டும் என்னிடம் தெருவில் ஒதுங்கி நின்று, அந்தக் கதவு சரியில்லை என்று சொல்லியிருந்தான். அடுத்த நிமிஷமே, "என் பேரைச் சொல்லிடாதீங்க, எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றான். கதவையோ ஒரே வாரத்தில் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுவிட்டார்கள்.

"சரி, விழுந்தப்போ போட்டிருந்த துணி இருக்கா?"

"இருக்கு" என்றாள் இவள்.

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியே இருக்குல்ல? கறை, கிழிசல் எல்லாம்?"

"துவைச்சுட்டேன்."

"துவைச்சுட்டீங்களா?"

"சட்டை, பேன்ட், கையுறை எல்லாம். இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்கேன். ஒரு பொட்டுக் கறை இருக்காதுங்க" என்றாள். தொழில் பெருமை அவளையும் மீறி அந்தக் கடைசி வார்த்தையில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அங்கே கதவை மாத்திட்டாங்க. இங்கே நீங்க துணியைத் துவைச்சுட்டீங்க. நான் எதை வச்சும்மா பேசுவேன்?"

படியிறங்கும்போது அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். புத்தி இருக்கா, ஊரில் எவளாவது இப்படிப் பண்ணுவாளா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் நடுப்படியில் நின்று, "அதைக் கறையோட எப்படிக்கா வச்சிருப்பேன்? என் கைக்கு வந்ததுல கறையோட திருப்பிக் குடுத்த துணி ஒண்ணு கிடையாது. அவர் துணியை மட்டும் அப்படியே வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தபோது போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரரை வரச் சொல்லிவிட்டாளாம். அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னாள். "ஒண்ணும் புரியாத விஷயத்தை எத்தனை நாளுக்கா இழுக்கறது? தப்பு அவர் மேலதான். எனக்குத் தெரியும்."

வேலைக்குப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சலவைக் கடைக்குப் போனேன். கோட்டின் பையில் பேனா கசிந்து நீலமாகப் பரவியிருந்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. நான் உள்ளே நுழைந்து வாயைத் திறப்பதற்குள் அவள் கண் அங்கே போய்விட்டது.

"கழட்டிக் குடுங்கக்கா. காஞ்சா போகாது."

"நான் எதுக்கு வந்திருக்கேன், நீ என்ன பேசறே?"

"குடுங்க. பேசிக்கிட்டே எடுத்துடறேன்."

கழற்றிக் கொடுத்தேன். அவள் உடனே பாட்டிலை எடுக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் சட்டை, பேன்ட் படங்கள் வெறும் கோடுகளாக அச்சடித்திருந்தன, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அதில் என் கோட்டின் பை இருக்கும் இடத்தில் கறையை அதே வடிவத்தில் வரைந்தாள். பக்கத்தில் 'நீல மை, கசிவு, புதியது. இரண்டாவது பொத்தான் ஏற்கெனவே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கவுண்டரில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். அவளும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

"என்னடி இது, எனக்குமா?"

"யாருக்கும்தான். முதலாளியோட சட்டையா இருந்தாலும் எழுதாம தண்ணியில போடக் கூடாது. எழுதாம துவைச்சா, இருந்த ஓட்டை, போகாத கறை எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிடுவாங்க."

நான் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். "தம்பி சட்டையை எங்கேடி துவைச்சே?"

"இங்கேதான். வீட்டுல அந்த மருந்தெல்லாம் ஏது…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

என் கோட்டை அப்படியே போட்டுவிட்டுப் பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். அவசரத்தில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. கவுண்டர்ப் பெண் வந்து பிரித்துவிட்டாள். அந்த வாரத்துச் சனிக்கிழமைப் பக்கம். வாடிக்கையாளர் என்ற இடத்தில் 'சொந்தம்' என்று எழுதியிருந்தாள். முன்பக்கச் சட்டையில் ரத்தக் கறை குறித்திருந்தது. அதை நான் பார்க்கவில்லை. பின்பக்கச் சட்டையில் கழுத்திலிருந்து நடுமுதுகு வரை நேராக ஒரு கறுப்புக் கோடு. அங்கிருந்து கோடு இரண்டாகப் பிரிந்து, இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்கு விலகிப் போயிருந்தது. பக்கத்தில் அவள் எழுத்து: 'கறுப்பு ரப்பரும் கிரீஸும். இரு ஓரமும் மஞ்சள் பெயிண்ட் தூள். தெறித்ததல்ல, அழுந்திப் பதிந்தது.' கீழே இரண்டு கையெழுத்து, தேதி.

"மஞ்சள் எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"தெரியலையேக்கா. அன்னிக்கு நான் எதையும் யோசிக்கல. கண்ணு பாத்துது, கை எழுதிச்சு."

கண்ணாடிக்காரருக்கு வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று நானே போன் பண்ணிச் சொன்னேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே முழுக்க எழுத முடியாது.

வக்கீலம்மா அந்தப் பக்கத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார். கிடங்கில் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவு மஞ்சள் நிறம். இரண்டு பலகைகள் நடுவில் வந்து சேரும், சேரும் இடத்தில் கறுப்பு ரப்பர் பட்டை. இது போலீஸ் எடுத்த புகைப்படத்திலேயே இருந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து, அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்று எங்களுக்குக் காட்டினார்.

"சாவி போட்டுத் திறந்தவர் கதவைப் பாத்துத்தானே நிப்பார்? முதுகுல எப்படிக் கோடு விழும்? இவர் சரக்கு வண்டியை இழுத்துக்கிட்டு பின்னோக்கி நடந்து வந்திருக்கார். முதுகு கதவுல பட்டப்போ கதவு மூடித்தான் இருந்திருக்கு. அதனாலதான் நேர்கோடு. அப்புறம் கீழ்ப்பக்கம் தடத்தை விட்டுக் கழண்டு விலகியிருக்கு. அதனாலதான் கோடு ரெண்டாப் பிரியுது."

இவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு முன்னாடி எப்பவோ சாஞ்சு நின்னப்போ பட்ட கறையா இருந்தா?" என்றாள். தன் புருஷனுக்கு எதிராகக் கம்பெனி வக்கீல் கேட்கவேண்டிய கேள்வியை இவளே கேட்கிறாள்! எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

"அப்படித்தான் அவங்களும் கேப்பாங்க. அதுக்குத்தான் அந்தக் கதவோட பழைய ரிக்கார்டு வேணும்" என்றார் வக்கீலம்மா.

கேஸ் போட்டோம். ரிக்கார்டு அப்படிப்பட்டது எதுவும் இல்லை என்று கம்பெனி பதில் எழுதியது. வாய்தா, மறுபடி வாய்தா. ஒரு தடவை போனால் அதிகாரி லீவு, இன்னொரு தடவை போனால் ஒரு நகலில் முத்திரை இல்லை. எதற்கு வரச் சொல்கிறார்கள், எதற்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. இவள் ஒவ்வொரு முறையும் வந்தாள், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள், பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி என்கிற மாதிரி ஒரு முகம். இந்தப் பெண்ணுக்கு என் தம்பி மேல் ஆசையே இருந்ததில்லையோ என்றுகூட நான் நினைத்தேன். நினைத்தது தப்புத்தான், ஆனால் நினைத்தேன்.

கம்பெனியிடம் இல்லாத ரிக்கார்டு லிஃப்டைப் பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் இருந்தது. சட்டைப் படத்தைக் காட்டி வக்கீலம்மா கேட்டதில், அவரிடம் இருப்பதைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. எட்டாவது மாதம், ஒரு நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அதிகாரி, அந்தப் பக்கம் கண்ணாடிக்காரரும் அவர்கள் வக்கீலும். கடைக்காரர் ஒரு பழைய கோப்பிலிருந்து மூன்று புகார்ச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கிடங்கிலிருந்து அவருக்கு வந்தவை. மூன்றுமே என் தம்பியின் எழுத்து.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவனுக்கு எழுதப் பழக்கினவள் நான். எல்லா எழுத்தும் வலது பக்கம் சாயும், வரி முடியப் போகும்போது கீழே இறங்கும்.

வக்கீலம்மா உரக்கப் படித்தார். முதல் சீட்டு: 'மூன்றாம் மாடி லிஃப்ட் கதவு கீழே ஆடுகிறது. பார்க்கவும்.' பத்து நாள் கழித்து இரண்டாவது: 'முன்பு சொன்ன கதவு இன்னும் சரி செய்யப்படவில்லை. ஆள் சாய்ந்தால் தாங்காது.' மூன்றாவது, அவன் சாவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை: 'மூன்றாவது முறையாக எழுதுகிறேன். இந்த வாரம் புது ஆட்கள் நாலு பேர் வந்திருக்கிறார்கள். கதவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. யாருக்காவது ஏதாவது ஆவதற்குள் தயவுசெய்து ஆள் அனுப்பவும்.'

"அப்போ தெரிஞ்சேதானே அந்தப் பக்கம் போயிருக்கார்?" என்றார் கம்பெனி வக்கீல்.

"போகச் சொன்னது யாருங்க?" என்று வக்கீலம்மா திருப்பிக் கேட்டார். "ரெண்டு பக்கமும் பெட்டி அடுக்கி வச்சிட்டு, நடுவுல வண்டியைப் பின்னோக்கி இழுத்துட்டு வர்ற அளவுக்குத்தான் வழி விட்டிருந்தீங்க. போட்டோவுல பாருங்க. மூணு தடவை எழுதினவருக்கா கவனக்குறைவு?"

அதிகாரி கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் மேசையைப் பார்த்தார். 'சொந்தக் கவனக்குறைவு' என்கிற வாதத்தைக் கைவிடுவதாக அன்று மாலைக்குள் அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொகையைப் பற்றிய பேச்சு இனிமேல்தான், அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆனாலும் ஆகும் என்றார் வக்கீலம்மா. ஜெயித்தோமா இல்லையா என்று எனக்கு அப்போதும் சரியாகப் புரியவில்லை. அவர் சிரித்ததால் ஜெயித்தோம் என்று வைத்துக்கொண்டேன்.

வெளியே வராந்தா பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தாள். கையில் மூன்றாவது சீட்டின் நகல்.

"வீட்டுல குழாய் சொட்டினாக்கூடக் கண்டுக்க மாட்டார் அக்கா. இதை மூணு தடவை எழுதியிருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நாம பயந்துக்குவோம்னு இருக்கும்."

"எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசமா தினம் காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா அவரைத் திட்டுவேன். உன் அலட்சியத்துக்கு என் பொண்ணை இப்படி நிறுத்திட்டியேன்னு திட்டுவேன். போட்டோவைப் பாத்து ஒருநாள் காறித் துப்பாத குறை. அழுகை வரும்போதெல்லாம் அந்தக் கோபம் வந்து அடைச்சுக்கும். அவர் நாலு பேருக்காக எழுதிட்டுப் போயிருக்கார். நான் திட்டிட்டே இருந்திருக்கேன்."

ஆறுதலாக எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்காகத்தான் இத்தனை மாதம் சண்டை போட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அப்படிச் சொன்ன பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"நானும்தாண்டி" என்றேன். "அந்தத் தாளைப் படிச்ச அன்னிக்கே நம்பிட்டேன். இவன் பாக்காமத்தான் போயிருப்பான்னு. நம்பினதுனாலதான் அவ்வளவு கோபம் வந்துச்சு. வளத்தவ நான். நானே நம்பிட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அழவேண்டிய அழுகையை அழுதாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு பியூன் வந்து, "கேஸ் தோத்துட்டாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லப்பா, ஜெயிச்சுட்டோம்" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.